மன அதிர்ச்சி நோய்க்கான சிகிச்சை ஆய்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.டி.எஸ்.டி. எனப்படும் மன அதிர்ச்சி நோய்க்கான ஆய்வு ஒன்றில் சேரலாமா என்று யோசிப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் என்னிடம் கேட்டவை இவை. அதே சந்தேகங்கள் வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருந்ததால் ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டுவிட்டேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுச் செல்வதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது உங்களுக்கு இருந்தால் இதைப் பிறகு படிக்கலாம். நம்பகமான ஒருவரிடம் சொல்லி, இன்றே ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

பயங்கரமா ஏதாவது நடந்தா யாருக்குமே மனசு பாதிக்கத்தானே செய்யும்? அதை எதுக்கு நோய்னு சொல்றாங்க?

முதல் சில வாரங்கள் தூக்கம் வராமல், திடுக்கிட்டு, அழுது தவிப்பது இயல்பு. பெரும்பாலானோருக்கு அது தானாகவே தணிந்துவிடும். உலக மக்களில் சுமார் 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு முறையாவது கொடிய நிகழ்வு ஒன்றைச் சந்திக்கிறார்கள் என்றும், பி.டி.எஸ்.டி. வருவது ஏறத்தாழ 3.9 விழுக்காட்டினருக்கு என்றும் பல நாடுகளில் நடந்த உலக மனநலக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. அதாவது, அடி விழுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை.

ஒரு மாதம் கடந்தும் நான்கு வகைத் தொல்லைகள் சேர்ந்து நீடித்து, வேலையையும் உறவையும் குலைத்தால்தான் அந்தப் பெயர் வைக்கிறார்கள். நடந்தது கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வந்து தாக்குவது ஒன்று. அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது இரண்டாவது. ‘எல்லாம் என் தப்பு’, ‘யாரையும் நம்ப முடியாது’ என்று எண்ணம் இருண்டுபோவது மூன்றாவது. உடம்பு எப்போதும் உஷாராகவே இருப்பது நான்காவது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இந்த நோய் இடம்பெற்றது 1980இல்தான்.

இது போருக்குப் போனவங்களுக்கு வர்றதுதானே?

இல்லை. பாலியல் வன்முறை, சாலை விபத்து, வீட்டுக்குள் நடக்கும் அடி உதை, இயற்கைப் பேரிடர், உயிர்போகும் நிலைக்குக் கொண்டுபோன பிரசவம் என எதன் பின்னும் வரலாம். ஆராய்ச்சியில் படைவீரர்கள் அதிகம் தென்படுவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள் பல பெரிய ஆய்வுகளை நடத்தியிருக்கின்றன. ஆகவே ஓர் ஆய்வைப் படிக்கும்போது, அதில் இருந்தவர்கள் உங்களைப் போன்றவர்கள்தானா என்று பாருங்கள்.

இப்போதைக்கு நிரூபணமான சிகிச்சை எதுவும் இருக்கா, இல்ல எல்லாமே ஆராய்ச்சியிலதான் இருக்கா?

இருக்கிறது. இந்த நோய்க்கு மருந்தே கிடையாது என்று நம்பிக்கொண்டு வருடக்கணக்கில் தவிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கும். இன்று மிக வலுவான சான்று, நடந்ததை நேராக எடுத்துப் பேசும் சிகிச்சைகளுக்கு இருக்கிறது. உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய நேர்கொள்ளல் சிகிச்சையில், பாதுகாப்பான சூழலில் நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லி, தவிர்த்துவந்த இடங்களுக்கும் படிப்படியாகப் போகப் பழகுகிறார்கள். இன்னோர் உளவியலாளரான பட்ரீசியா ரெசிக் உருவாக்கிய முறை, சம்பவத்துக்குப் பின் மனதில் ஒட்டிக்கொண்ட குற்ற உணர்வையும் அவநம்பிக்கையையும் ஆராய்ந்து பார்க்கக் கற்றுத்தருகிறது. வழக்கமாக 12 அமர்வுகள். கண்களை இருபுறமும் அசைத்தபடி நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். மூன்றாவது. இதுவும் பலன் தருகிறது. ஆனால் அந்தப் பலனில் கண்ணசைவுக்குப் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

மாத்திரைகளில் செர்ட்ராலின் 1999இலும் பராக்ஸிட்டின் 2001இலும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றன. இரண்டும் மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் மருந்துகள். உதவுகின்றன, சராசரிப் பலன் மிதமானது.

நடந்ததையே மறுபடி மறுபடி சொல்லச் சொல்றது புண்ணைக் கிளறுற மாதிரி இல்லையா? எங்க தங்கச்சி அதுக்குப் பயந்தே போக மாட்டேங்குறா.

உங்கள் தங்கையின் பயம் நியாயமானது. தவிர்ப்பது நோயின் ஓர் அங்கம் என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா? சிகிச்சை அந்தத் தவிர்ப்பைத்தான் தொடுகிறது. அதனால் சிகிச்சைக்குப் போவதே கடினமாகிவிடுகிறது. அவரை வற்புறுத்தாதீர்கள். ‘முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை, வேகத்தை நீயே சொல்லலாம்’ என்பதை மட்டும் அவர் காதில் போட்டுவையுங்கள். நல்ல சிகிச்சையாளர் முதலில் நோயை விளக்கி, இதை ஏன் செய்கிறோம் என்று புரியவைத்த பிறகே நினைவுக்குள் அழைத்துப்போவார்.

இந்தக் கேள்வியை ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளான 45 பெண்களை வைத்து ஃபோவாவின் குழு 1991இல் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சை முடிந்த கையோடு பதற்றத்தைச் சமாளிக்கும் பயிற்சி முன்னிலையில் இருந்ததையும், சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது நினைவை நேர்கொண்டவர்களே கூடுதலாகத் தேறியிருந்ததையும் காட்டியது. பின்னர் 2002இல் வந்த இன்னோர் ஆய்வு, நினைவைச் சொல்லத் தொடங்கும் கட்டத்தில் சிலருக்குத் தொல்லை தற்காலிகமாகக் கூடியதைப் பதிவு செய்தது. சிறு பங்கினருக்கு மட்டுமே அப்படி ஆனது. அவர்கள் மற்றவர்களை விட அதிகமாகச் சிகிச்சையின் நடுவில் நின்றுவிடவும் இல்லை, குறைவாகத் தேறவும் இல்லை.

சம்பவத்தை விரித்துப் பேசாமலும் வழி உண்டு. ஜான் மார்க்கோவிட்ஸின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து எடுக்காத 110 பேரில் ஒரு பகுதியினருக்கு, இன்றைய உறவுகளைப் பற்றி மட்டும் பேசும் சிகிச்சை தரப்பட்டது. அது நேர்கொள்ளல் சிகிச்சைக்கு அதிகம் பின்தங்கவில்லை. உங்கள் தங்கையிடம் இதையும் சொல்லுங்கள்.

தூக்கம் வந்தாலே பாதி சரியாயிடும்னு தோணுது. தூக்க மாத்திரை மட்டும் போதாதா?

அல்ப்ரசோலம், டயஸிபாம் வகை மாத்திரைகள் அன்றைய இரவைக் கடத்திவிடும். நோயைக் குறைப்பதாகச் சான்று இல்லை. பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. கொடிய நிகழ்வுக்குப் பிந்தைய மனத்தொல்லைக்கு இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. மருத்துவர் சொற்படி மெல்லக் குறைக்க வேண்டும்.

கெட்ட கனவுகளுக்குப் பிரஸோசின் என்ற இரத்த அழுத்த மருந்து உதவும் என்று சிறிய ஆய்வுகள் சில காட்டின. 304 முன்னாள் படைவீரர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 2018இல் வெளிவந்தபோது, ஒப்பிடுவதற்காகத் தரப்படும் மருந்தில்லாத வெற்று மாத்திரையை விட அது மேலானதாகத் தெரியவில்லை. சிறிய ஆய்வின் நல்ல செய்தியைப் பெரிய ஆய்வு வரும்வரை ஏன் சற்றுத் தள்ளியே வைக்க வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இது.

சிகிச்சைதான் இருக்கே, பிறகு எதுக்கு இன்னும் ஆய்வு ஆய்வுன்னு மனுஷங்களைப் படுத்தணும்?

இருக்கும் சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை, எல்லோராலும் முடிக்க முடிவதுமில்லை. ரெசிக்கின் முறையையும் நேர்கொள்ளல் சிகிச்சையையும் 916 முன்னாள் படைவீரர்களிடம் ஒப்பிட்ட 2022ஆம் ஆண்டு ஆய்வில், நேர்கொள்ளலைப் பெற்றவர்களில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரும் மற்றதைப் பெற்றவர்களில் 47 விழுக்காட்டினரும் நடுவில் நின்றுவிட்டார்கள். மிகச் சிறந்தவை என்று நாம் சொல்லும் இரண்டு சிகிச்சைகளின் நிலை இது. இதைப் படித்த பிறகும் ஆய்வு போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாற்றம் வந்துகொண்டும் இருக்கிறது. நடந்ததை எழுதியே கையாளும் ஒரு குறுகிய சிகிச்சையை ரெசிக்கின் 12 அமர்வு முறையோடு 126 பேரிடம் ஒப்பிட்டார்கள். 2018இல் வெளிவந்த முடிவின்படி, 5 அமர்வு எழுத்துச் சிகிச்சை பலனில் பின்தங்கவில்லை. நடுவில் விட்டவர்கள் எழுத்தில் 6 விழுக்காடு, மற்றதில் 40 விழுக்காட்டை ஒட்டி.

குலுக்கல்ல போட்டு முடிவு பண்ணுவாங்களாமே! எனக்கு எது தேவைன்னு டாக்டர் பார்க்க மாட்டாரா?

யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வது கேட்கும்போது கொடுமையாகத்தான் தெரியும். ஆனால் மருத்துவரே பிரித்தால், தேறிவிடுவார் என்று அவருக்குத் தோன்றுபவர்களை அறியாமலே புதிய சிகிச்சைப் பக்கம் அனுப்பிவிடுவார். பிறகு அவர்கள் தேறியது சிகிச்சையாலா, முதலிலேயே அவர்கள் நிலைமை நன்றாக இருந்ததாலா என்று யாராலும் சொல்ல முடியாது. கணினி குலுக்கினால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள் அமைவார்கள்.

எது மேலானது என்று உண்மையிலேயே தெரியாத நிலையில்தான் குலுக்கலாம் என்பது விதி. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு முதலில் பார்ப்பதும் அதைத்தான். உங்களுக்கு இன்ன சிகிச்சைதான் வேண்டும் என்று உங்கள் மருத்துவர் உறுதியாக நினைத்தால் ஆய்வுக்கு வெளியே அதைப் பெறுவதே சரி.

அப்போ நான் ‘மத்த’ குழுவில விழுந்தா எனக்கு ஒண்ணுமே கிடைக்காதா?

அது ஆய்வுக்கு ஆய்வு மாறும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் கொள்வதென்றால் ‘எதோடு ஒப்பிட்டு?’ என்ற கேள்வியைக் கொள்ளுங்கள். மறுபக்கம் காத்திருப்போர் பட்டியலாக இருக்கலாம். அப்படியென்றால் சில மாதங்கள் கழித்து உங்களுக்கும் சிகிச்சை கிடைக்கும். வெற்று மாத்திரையாக இருக்கலாம். வழக்கமான சிகிச்சையாகவோ, ஏற்கெனவே நிரூபணமான வேறொரு சிகிச்சையாகவோ இருக்கலாம். கையெழுத்துப் போடும் முன் இதை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

முடிவைப் படிக்கும்போதும் இதே கேள்விதான். காத்திருப்பவர்களோடு ஒப்பிட்டு ஒரு சிகிச்சை வென்றது என்றால், நின்றுகொண்டிருப்பவரோடு ஓடி ஜெயித்தது போல. கனிவாகக் கேட்கும் ஆள், வாராவாரம் ஒரு சந்திப்பு, ஏதோ நடக்கிறது என்ற நம்பிக்கை ஆகியவையே ஒருவரைத் தேற்றும். அதைக் கழித்த பிறகு அந்தச் சிகிச்சைக்கென்று என்ன மிஞ்சுகிறது என்பதைக் காத்திருப்போர் பட்டியல் காட்டாது.

மாத்திரைன்னா வெத்து மாத்திரை குடுக்கலாம். பேச்சுக்கு என்ன வெத்துப் பேச்சா?

கிட்டத்தட்ட அதையே கண்ணியமாகச் செய்கிறார்கள். அதே நேரம், அதே எண்ணிக்கை அமர்வு, அதே பரிவு. சம்பவத்தைத் தொடாமல் இன்றைய சிக்கல்களை மட்டும் பேசுவது. பாலா ஷ்னர் தலைமையில் 284 பெண்களிடம் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வு இப்படி ஒப்பிட்டது. நேர்கொள்ளல் முந்தியது, மறுபக்கமும் கணிசமாகத் தேறியது. பேச்சுச் சிகிச்சையில் தனக்கு எது கிடைக்கிறது என்பதைப் பெறுபவரிடமிருந்து முழுதாக மறைக்க முடியாது. அதனால் எவ்வளவு தேறினார் என்று அளப்பவரிடமாவது மறைத்துவைப்பார்கள்.

அளக்கிறதுன்னா எப்படி? ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்களா?

இந்த நோயைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ நடைமுறையில் இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் 30 கேள்விகள் கொண்ட நேர்காணல் ஒன்றை நடத்தி மதிப்பெண் இடுவார். நீங்களே நிரப்பும் 20 கேள்விப் படிவமும் உண்டு. அதில் மொத்தம் 0 முதல் 80 வரை. மதிப்பெண் குறைந்தது என்று மட்டும் ஓர் அறிக்கை சொன்னால், எவ்வளவு என்று பாருங்கள். கணக்கில் வித்தியாசம் தெரிந்தும் வாழ்க்கையில் தெரியாத மாற்றங்கள் உண்டு. மேலே சொன்ன 916 பேர் ஆய்வே சான்று: நேர்கொள்ளல் சற்று முன்னால் இருந்தது, ஆனால் நோயாளி உணரும் அளவு வித்தியாசமில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

நடுவுல விட்டவங்களைக் கணக்குல சேர்க்காம ‘80 பேருக்குச் சரியாச்சு’ன்னு சொல்லிட மாட்டாங்களா?

சொல்ல முடியும், அதனால்தான் விதி இருக்கிறது. நல்ல ஆய்வில் குலுக்கலில் வந்த எல்லோரையும், முடித்தாலும் விட்டாலும், கணக்கில் வைத்துக்கொள்வார்கள். முடித்தவர்களை மட்டும் எண்ணினால் சிகிச்சை தாங்காமல் போனவர்களின் கதை மறைந்துவிடும். எதை அளக்கப்போகிறோம் என்பதையும் ஆய்வு தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். பதிவில் ஒன்றும் அறிக்கையில் வேறொன்றும் முக்கிய அளவாக இருந்தால் அந்த முடிவை நான் நம்புவதில்லை.

எம்.டி.எம்.ஏ. போதைப்பொருள்தானே? அதைக் குடுத்து குணமாக்குறாங்கன்னு செய்தி வந்துச்சே, நிஜமா?

நிஜமாகவே ஆய்வு நடந்தது, எண்களும் கவனிக்கத்தக்கவை. சிகிச்சையாளர் உடனிருக்க, கட்டுப்பாடான சூழலில் மருந்து கொடுத்துப் பேச்சுச் சிகிச்சையும் தந்தார்கள். 2021இல் வெளிவந்த 90 பேர் ஆய்வில் மருந்தோடு சிகிச்சை பெற்றவர்களில் 67 விழுக்காட்டினருக்கு நோய் இருப்பதற்கான அளவுகோல் இறுதியில் பொருந்தவில்லை. வெற்று மாத்திரையோடு அதே பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் இது 32 விழுக்காடு. 2023இல் வந்த 104 பேர் ஆய்வில் 71க்கு 48. அந்த 48ஐப் பாருங்கள்: மருந்தில்லாமல் வெறும் பேச்சும் துணையும் ஏறத்தாழப் பாதிப் பேரைத் தேற்றியிருக்கிறது.

ஆனாலும் 2024 ஜூனில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, பலன் நிரூபணமாகவில்லை என்று 9க்கு 2 என்ற கணக்கில் வாக்களித்தது. ஆகஸ்டில் நிர்வாகமும் ஒப்புதல் தர மறுத்து, இன்னோர் ஆய்வு கேட்டது. முக்கியக் காரணங்களில் ஒன்று, யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்ற மறைப்பு உடைந்தது. எம்.டி.எம்.ஏ. உட்கொண்டவருக்கு அது தெரியாமல் போகாது. பெரும்பாலானோர் தங்கள் குழுவைச் சரியாக ஊகித்துவிட்டார்கள். அப்படியானால் எதிர்பார்ப்பின் பலனையும் மருந்தின் பலனையும் பிரிப்பது எப்படி? பாதுகாப்புத் தகவல் முழுமையாகப் பதிவாகவில்லை என்ற கவலையும் எழுந்தது. மறுபக்கம், ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் இதைத் தரலாம் என்று வழிவிட்டது. தயவுசெய்து யாரும் வெளியில் வாங்கித் தாமாக முயல வேண்டாம். ஆய்வில் இருந்த மருத்துவக் கண்காணிப்பும் தூய மருந்தும் அங்கே இருக்காது.

விபத்து நடந்த உடனே எல்லாரையும் உட்கார வெச்சுப் பேசவிட்டா நோயே வராம தடுக்கலாம்தானே?

பலரும் நல்லெண்ணத்தோடு அப்படித்தான் நம்பினார்கள். நிகழ்வு நடந்த சில நாட்களுக்குள் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை வெகுவாகப் பரவியது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2002ஆம் ஆண்டுத் தொகுப்பு, அது நோயைத் தடுப்பதாகச் சான்றில்லை என்றது. தீக்காயம் பட்டவர்களிடம் நடந்து 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 13 மாதங்கள் கழித்து, பேசவைக்கப்பட்டவர்களில் 26 விழுக்காட்டினருக்கு நோய் இருந்தது; விட்டுவிடப்பட்டவர்களில் 9. முதல் குழுவினரின் நிலைமை தொடக்கத்திலேயே சற்று மோசம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதை நான்காவது பதிலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நோய் நிலைத்துவிட்டவருக்குப் பல அமர்வுகளில் நிதானமாகத் தரப்படும் சிகிச்சை வேறு. அடிபட்ட கையோடு எல்லோரையும் பேச வற்புறுத்துவது வேறு. முதல் நாட்களில் வேண்டியது பாதுகாப்பு, தூங்க இடம், சொந்தக்காரர்களோடு தொடர்பு. பேச விரும்புபவர் பேசட்டும்.

எனக்குக் குடிப்பழக்கமும் இருக்கு. என்னை எந்த ஆய்வுல சேர்த்துப்பாங்க?

பழைய ஆய்வுகள் பல உங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். மது, போதை, தற்கொலை எண்ணம், மனச்சிதைவு எல்லாம் விலக்குப் பட்டியலில் இருந்தன. விளைவு, மிக அதிகம் தவிப்பவர்களைப் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்தது. இது பெரிய அநீதி என்றே நினைக்கிறேன்.

நிலைமை மாறிவருகிறது. ஆஸ்திரேலியாவில் போதைப் பழக்கமும் பி.டி.எஸ்.டி.யும் சேர்ந்திருந்த 103 பேரிடம் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வு, இரண்டுக்கும் சேர்த்தே நேர்கொள்ளல் சிகிச்சை தந்தபோது அதிர்ச்சித் தொல்லை கூடுதலாகக் குறைந்ததையும் போதைப் பழக்கம் மோசமாகாததையும் காட்டியது. நெதர்லாந்தில் மனச்சிதைவு வகை நோய் உள்ள 155 பேரிடம் நடந்து 2015இல் வந்த ஆய்விலும் நேர்கொள்ளலும் இ.எம்.டி.ஆரும் பாதுகாப்பாகவே பலித்தன. ‘முதலில் குடியை நிறுத்திவிட்டு வா’ என்று யாராவது சொன்னால், இரண்டையும் சேர்த்துக் கவனிக்கும் இடம் வேறு இருக்கிறதா என்று தேடுங்கள்.

இதெல்லாம் பணக்கார நாடுகள்ல, பெரிய ஆஸ்பத்திரிகள்ல செஞ்சது. அகதி முகாம்ல இருக்கிறவங்களுக்கு இது பொருந்துமா?

முகாம்களிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. உகாண்டாவில் தங்கியிருந்த சூடான் அகதிகள் 43 பேரிடம், பிறந்தது முதல் இன்றுவரை வாழ்க்கையை வரிசையாகச் சொல்லி, அதில் கொடிய நிகழ்வுகளை அதனதன் இடத்தில் வைக்கும் சிகிச்சையைச் சோதித்தார்கள். 2004இல் வெளிவந்த முடிவு: ஓர் ஆண்டு கழித்து அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 29 விழுக்காட்டினருக்கே நோய் மிஞ்சியிருந்தது. ஆறுதல் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் அது 79 விழுக்காடு.

2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் 31 குழந்தைகளிடம் இதே சிகிச்சையைத் தியானம், தளர்வுப் பயிற்சியோடு 6 அமர்வுகளில் ஒப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் நன்றாகத் தேறின. பெரிய வித்தியாசம் தென்படவில்லை. இதை வைத்து ‘இரண்டும் சமம்’ என்று சொல்லிவிட முடியாது. 31 பேரை வைத்துச் சிறிய வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. சிகிச்சையே இல்லாத குழு ஒன்றும் அதில் இல்லாததால், எவ்வளவு தானாகவே ஆறியது என்றும் தெரியாது.

பாதியில பிடிக்கலைன்னா விலகலாமா? கோவிச்சுக்க மாட்டாங்களா?

காரணம் சொல்லாமலே விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சைக்குக் குறை வரக்கூடாது என்பது, மனிதர்களை வைத்து நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிகளைச் சொல்லும், 1964இல் தொடங்கிய ஹெல்சிங்கி பிரகடனத்தின் வழிவந்த விதி. மருந்து ஆய்வென்றால் விலகும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், சில மருந்துகளைத் திடீரென நிறுத்த முடியாது. அதுவரை கொடுத்த தகவலை என்ன செய்வார்கள் என்பது ஒப்புதல் படிவத்தில் இருக்கும்.

நான் சொல்ற விஷயம் வீட்டுக்கோ போலீசுக்கோ போயிடுமா?

பெயருக்குப் பதிலாக எண்ணிட்டுத்தான் பதிவுகளை வைப்பார்கள். ஆனால் இரகசியத்துக்கு எல்லை உண்டு. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், குழந்தை ஒன்று துன்புறுத்தப்படுவது தெரியவந்தாலும், பல நாடுகளின் சட்டம் அவர்களைப் பேசவைக்கும். அந்த எல்லை உங்கள் ஊர்ச் சட்டப்படி எங்கே என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். அமர்வுகளை ஒலிப்பதிவு செய்வதும் வழக்கம். யார் கேட்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்பதையும் விடாதீர்கள்.

ஆய்வுல எனக்கு நல்லாப் பலிக்குது, ஆனா ஆய்வு முடிஞ்சுபோச்சு. அப்புறம் என் கதி?

பலரும் கேட்க மறந்துவிடும் கேள்வி இது. கையெழுத்துக்கு முன்பே கேட்கப்பட வேண்டியது. பேச்சுச் சிகிச்சை என்றால் கற்றது உங்களோடு இருக்கும். முறையாக முடித்தவர்களில் பலருக்குப் பலன் மாதக்கணக்கில் நிலைக்கிறது. மருந்தென்றால் நிலைமை வேறு. ஒப்புதல் பெறாத மருந்தை ஆய்வுக்குப் பின் கடையில் வாங்க முடியாது. தொடர்ந்து தருவதாக ஆய்வை நடத்துபவர்கள் உறுதியளித்திருந்தால் மட்டுமே கிடைக்கும்.

‘முடிந்தபின் என்ன தருவீர்கள், எத்தனை காலம், யார் செலவில், நான் எந்தக் குழுவில் இருந்தேன் என்று எப்போது சொல்வீர்கள், நிலைமை திரும்ப மோசமானால் யாரை அழைப்பது’ என்று கேட்டு, பதிலைப் படிவத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கூடவே உங்கள் சொந்த மருத்துவருக்கு ஆய்வின் சுருக்கம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் குழு என்றால், படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து இன்னொரு முறை யோசியுங்கள்.